மட்டக்களப்பில் எந்தக் கரையில் தங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக்குப் போனால் திரும்பவிடாமல் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று இலங்கை முழுக்க ஒரு பேச்சு உண்டு. ஒட்டுவது இருக்கட்டும், பாயை எங்கே விரிப்பது என்பதில்தான் வருகிறவர்கள் பிழை விடுகிறார்கள். நகரம் ஒரே துண்டாக இல்லை. வாவி அதைப் பிரித்து வைத்திருக்கிறது. நடுவில் புளியந்தீவு, அதன் வடக்கே கோட்டைமுனை, கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையில் நீளமாகக் கல்லடி. தங்குமிடம் தெரிவுசெய்யும்போது நட்சத்திரங்களையும் படங்களையும் எண்ணுவதற்கு முன், எந்தப் பாலத்தை எந்த நேரத்தில் கடக்கப்போகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று பகுதிக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

புளியந்தீவு பழைய நகரம். கோட்டை, பேராலயம், பழைய பாடசாலைகள் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. கோட்டைமுனை கடைத்தெருப் பக்கம். திருமலை வீதி, வங்கிகள், மருந்துக்கடைகள், ரயில் நிலையம் என்று காரியம் முடிக்க வசதியான இடம். கல்லடியில் கடற்காற்றும் ஓய்வும் கிடைக்கும், விடுதிகளும் அங்கேதான் கூடுதல்.

புளியந்தீவிலிருந்து நேரே கல்லடிக்குப் போகமுடியாது என்பது வரைபடத்தைச் சரியாகப் பார்க்காதவர்களுக்குத் தெரிவதில்லை. முதலில் கோட்டைமுனைக்கு ஏறி, அங்கிருந்து கல்லடிப் பாலத்தால் போகவேண்டும். கரையிலிருந்து பார்த்தால் கையெட்டும் தூரமாகத் தெரிகிற இடத்துக்கு ஓட்டோ சுற்றிப்போவது இதனால்தான். ஓட்டோக்காரரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரேயொரு இரவுதான் இருக்கிறது. எங்கே தங்கலாம்?

ரயிலில் வந்து ரயிலில் போகிறவர் என்றால் கோட்டைமுனை. மற்றவர்களுக்குக் கல்லடி, ஆனால் பாலத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்.

கோட்டையும் பழைய நகரமும் பார்க்கத்தான் வருகிறோம். புளியந்தீவிலேயே தங்கிவிடலாமா?

தங்கலாம். பார்க்கவேண்டியவை அங்கே நெருக்கமாக இருக்கின்றன. கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் பிடித்தனர். இலங்கையில் ஒல்லாந்தர் கையில் விழுந்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுதான். பிறகு ஆங்கிலேயர் காலம் தொடங்கி நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இதற்குள் இயங்கியது. ஆகவே இது காவலாளியும் நுழைவுச்சீட்டும் உள்ள வெறும் காட்சிப்பொருள் அல்ல, கந்தோர் வளவாகப் புழங்கிய கோட்டை. வேலைநாளில், காலை ஒன்பது மணிக்குப் பிறகு போங்கள். ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கி வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிமதிலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். உள்ளே போனால் மதில்மேல் ஏறி வாவிப்பக்கம் பாருங்கள். தடித்த மதில், காவல் மூலைகள், வாவியை நோக்கிய பீரங்கி எல்லாம் ஒரே பார்வைக்குள் வரும். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் வெட்டிய அகழி. கோட்டையை ஏன் இந்த மூலையில் கட்டினார்கள் என்பதை அங்கே நின்றாலே கண்டுகொள்ளலாம்.

கோட்டையிலிருந்து புனித மரியாள் பேராலயம், 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, மெதடிஸ்த மத்திய கல்லூரி, ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயில், காந்தி பூங்கா என்று நடந்தே முடித்துவிடலாம். மெதடிஸ்த மத்திய கல்லூரியின் கதை 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கியதோடு தொடங்குகிறது. வந்து ஒரு வருடம் நிறையுமுன்னே அவர் இங்கேயே இறந்துபோனார். ஆறுதலாக நின்று பார்த்து நடந்தால் மூன்று மணித்தியாலம் போதும். காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டு, கோட்டையைக் கடைசியில் வைத்துக்கொண்டால் வெயில் ஏறுமுன் முடியும்.

ஆனால் புளியந்தீவில் இரவு தங்குவதில் ஒரு குறை உண்டு. கந்தோரும் பாடசாலையும் விட்டபின் தீவு அடங்கிவிடும். இரவு எட்டரைக்குப் பிறகு சாப்பாட்டுக்குக் கோட்டைமுனைக்குத்தான் பாலம் ஏறவேண்டிவரும். அமைதி வேண்டுமென்று வருகிறவர்களுக்கு இதுவே நல்ல விசயம். பசியோடு இருக்கிற பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்களுக்கு அப்படி இல்லை.

எங்கள் தெரிவைக் கேட்டால்: புளியந்தீவைக் காலையில் பாருங்கள், தூக்கத்தைக் கல்லடியில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேர நடைக்காக மூன்று இரவு அங்கே தங்கத் தேவையில்லை.

கல்லடி என்றால் கடற்கரைப் பக்கமா, வாவிப் பக்கமா?

இதைத்தான் முதலில் தீர்மானிக்கவேண்டும். கல்லடி ஒடுங்கிய மணல் நிலம். நடுவே ஏ4 பிரதான வீதி, ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. எந்தப் பக்கம் எடுத்தாலும் மற்றப் பக்கத்துக்கு நடக்கலாம். ஆனால் இரவில் அறைக்குள் கிடைக்கும் சுகம் வேறுபடும்.

கடற்பக்கம் காற்று நன்றாக இருக்கும். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து தரையைச் சுட்டுக்கொண்டு வரும். அந்த மாதங்களில் பின்னேரக் கடற்காற்று முதலில் வந்து சேர்வது கரைவீட்டுக்குத்தான். மறுபக்கம், உப்புக்காற்றில் ஏ.சி.யும் கதவுப் பூட்டும் கெதியில் கெட்டுப்போகும். அறையைப் பார்க்கும்போது ஏ.சி.யைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். ரிமோட்டில் எண் மாறுவது மட்டும் போதாது, குளிர் வரவேண்டும்.

வாவிப் பக்கம் அந்தி அழகு. சூரியன் வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் விழும். கடலோரம் எழுவான்கரை, வாவியின் மேற்குக் கரை படுவான்கரை என்று ஊரார் பெயர் வைத்திருப்பதே இதனால்தான். அதோடு நுளம்பும் வரும். ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை சன்னலைச் சாத்திவைக்க வேண்டும். சன்னலில் வலை அடித்திருக்கிறதா, கட்டிலுக்கு நுளம்பு வலை உண்டா என்று பதிவதற்கு முன் கேளுங்கள்.

கடலில் குளிப்பதற்காகக் கல்லடியைத் தெரிவுசெய்யாதீர்கள். இங்கே கரை சட்டென்று ஆழமாகும், அடியிழுவை உண்டு. ஊர்ச்சனம் பின்னேரம் மணலில் இருந்து கடலை கொறிக்க, காற்று வாங்கத்தான் வரும். நீந்த வேண்டுமென்றால் பாசிக்குடாவுக்கு ஒரு பகல் போய் வாருங்கள்.

வடக்கே டச்பார், நாவலடி நோக்கிப் போகப் போக நிலம் இன்னும் ஒடுங்கி, கடைசியில் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் முடியும். 2004 சுனாமி மோசமாக அடித்த கரை இது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிற் கோபுரம் சாய்ந்ததும் அப்போதுதான். அழகான, தனிமையான இடம். ஆனால் இரவில் ஓட்டோ பிடிப்பது கஷ்டம், கடைகள் குறைவு. சொந்த வாகனம் இருந்தால் மட்டும் அங்கே எடுங்கள்.

இணையத்தில் "மட்டக்களப்பு" என்று போட்டுத்தான் பதிந்தோம். வந்து பார்த்தால் நகரத்தில் இல்லையே?

மட்டக்களப்பு என்பது நகரத்துக்கும் பெயர், மாவட்டத்துக்கும் பெயர். பதிவுத் தளங்களில் பாசிக்குடா, கல்குடா, களுவாஞ்சிக்குடி விடுதிகள் எல்லாம் மட்டக்களப்பு என்ற பெயருக்குக் கீழே வரும். பாசிக்குடா நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர். தினமும் அங்கிருந்து வந்து கோட்டை பார்ப்போம், திரும்புவோம் என்று நினைக்கிறவர்கள் இரண்டாம் நாளே களைத்துப்போகிறார்கள்.

தவிர்க்க வழி: விடுதிக்கு எடுத்து, "கல்லடிப் பாலத்திலிருந்து உங்கள் வாசலுக்கு எத்தனை கிலோமீற்றர், பாலத்துக்கு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். நகரத்துக்குள் இருக்கிறவர் உடனே பதில் சொல்லுவார். "கிட்டத்தான், பத்து நிமிடம்" என்று இழுத்தால் பக்கத்துச் சந்தியின் பெயரைக் கேளுங்கள். நொச்சிமுனை, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய் என்று வந்தால் கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடைப்பட்ட பகுதி, பயமில்லை. வாழைச்சேனை என்றால் அது பாசிக்குடாப் பக்கம்.

அப்படியென்றால் பாசிக்குடாவில் தங்குவது வீணா?

கடலுக்காக வந்தால் வீணில்லை. பவளப்பாறை அலையை உடைத்துவிடுவதால் குடா ஆழமில்லாமல் கிடக்கிறது, சிறுவரோடு நெடுந்தூரம் இடுப்பளவு நீரில் நடக்கலாம். சித்திரை முதல் புரட்டாதி வரை நல்ல காலம். ஆனால் பெரிய ஹோட்டல்கள் கரையோரம் சேர்ந்து நிற்கின்றன. வெளியே இறங்கி ஊர்ச்சாப்பாடு தேடினால் அலைய வேண்டும். பெரிய ஹோட்டலில் அறை விலை கேட்கும்போது, 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் சேர்த்தா சேர்க்காமலா என்று தெளிவாகக் கேளுங்கள். சொன்ன விலைக்கும் பற்றுச்சீட்டில் வரும் விலைக்கும் இடையில் விழுகிற இடைவெளி பெரும்பாலும் இதுதான். நான்கு நாள் இருந்தால் இரண்டு இரவு நகரத்தில், இரண்டு இரவு பாசிக்குடாவில் என்று பிரியுங்கள். கடலைக் கடைசிக்கு வையுங்கள்.

காத்தான்குடியில் தங்கலாமா?

தங்கலாம், பலர் யோசிப்பதில்லை. கல்லடியிலிருந்து தெற்கே நாலைந்து கிலோமீற்றர். நடுவில் பேரீச்சை நட்ட பிரதான வீதியைப் பார்த்ததும் ஊர் தெரிந்துவிடும். இரவு நெடுநேரம் கடை திறந்திருக்கும், சாப்பாடும் துணிக்கடையும் நகரத்தைவிட உயிரோடு இருக்கும். பண்டைய பாவனைப் பொருள்களோடு அருங்காட்சியகமும் உண்டு. முஸ்லிம் ஊர் என்பதால் மது கிடையாது. வெள்ளி மத்தியானம் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக்கடை திறக்காது. நோன்பு மாத இரவுகளோ திருவிழாப் போல. உடை விசயத்தில் கொஞ்சம் கவனம் எடுத்தால் போதும்.

வாவியில் மீன் பாடும் என்கிறார்களே, அதைக் கேட்க எங்கே தங்கவேண்டும்?

கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட. பழைய இரும்புப் பாலம் லேடி மன்னிங் பாலம், 1924இல் வந்தது. அதன் பக்கத்தில் புதிய பாலம் 2013இல் திறந்தார்கள். பாட்டு பாலத்தின் மேல் நின்று கேட்பதல்ல. வள்ளத்தில் பாலத்தடிக்குப் போய், துடுப்பை நீருக்குள் இறக்கி, அதன் மேல்நுனியைக் காதோடு ஒட்டி வைக்கவேண்டும். முதலில் வாவி நீர் அலம்பும் சத்தம்தான் வரும். மூச்சைப் பிடித்துக் கொஞ்சம் பொறுத்தால், கம்பியை ஒருவர் தூரத்தில் மெல்ல மீட்டுவதுபோல ஒரு ஒற்றைச் சுரம் தனியே பிரிந்து வரும். நின்று, பிறகு இன்னொரு இடத்திலிருந்து வரும்.

கேட்காமல் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பிழை விடுகிறார்கள். ஒன்று, மாரியில் வருவது. மழைநீர் வாவியில் கலங்கி ஓடும்போது ஒன்றும் கேட்காது. சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் வாருங்கள், பறுவ (பௌர்ணமி) நாளை ஒட்டிய இரவு நல்லது. மற்றது, அந்தியிலேயே போய்விடுவது. பஸ்ஸும் லொறியும் பாலத்தில் ஓடும்வரை அந்த அதிர்வு நீருக்குள் இறங்கும். பத்து மணிக்குப் பிறகு, காற்று விழுந்த இரவில் போங்கள். வள்ளத்தைப் பகலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், உயிர்காப்பு அங்கி உண்டா என்றும் கேளுங்கள். அந்த நேரத்தில் அறைக்கு நடந்து திரும்பத்தான் பாலத்தடி விடுதி. கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று முன்னமே கேட்டு, பிந்தி வருவதைச் சொல்லி வைக்கவும். சில விடுதிகள் பத்துக்கே பூட்டிவிடும்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் வருகிறோம். எங்கே தங்கலாம்?

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்கு மாவட்டமே திரளும், படுவான்கரைச் சனமும் வரும். கோட்டைமுனைப் பக்கம் அறை எடுங்கள். தீர்த்த நாளில் வாகனங்களைத் தூரத்திலேயே மறித்துவிடுவார்கள், நடந்துபோகும் தூரத்தில் இருப்பவருக்கே நிம்மதி. கல்லடியில் தங்கி விடிய ஓட்டோவில் போகலாம் என்ற திட்டம் அன்றைக்குச் சரிவராது. அறையை ஒரு மாதம் முன்னமே பிடியுங்கள். முற்பணம் கொடுத்தால் எழுத்தில் ஒரு வரி வாங்குங்கள், வட்ஸ்அப் செய்தியும் போதும்.

மாரியில் வரலாமா?

ஐப்பசிக் கடைசியிலிருந்து தை நடுப்பகுதி வரை வடகீழ்ப் பருவமழை. கார்த்திகை, மார்கழி கடும் மழை. வாவி நிறைந்து முகத்துவாரம் வெட்டும்வரை தாழ்ந்த ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களில் கட்டாயம் வரவேண்டியிருந்தால் பிரதான வீதியை ஒட்டிய, படி ஏறிப்போகிற வாசல் உள்ள விடுதியை எடுங்கள். கீழ்மாடி வேண்டாம். வாவி ஓரத்து அறை மழைக்காலத்தில் ஈரம் பிடித்து நாறும். மழைக்குப் பிந்திய வாரங்களில் டெங்கு பரவும், பகலிலும் நுளம்பு விரட்டி பூசுங்கள்.

வெயில் காலத்துக்கு இதற்கு நேர்மாறு. கொங்கிறீற் கூரைக்கு நேர்கீழே உள்ள மேல்மாடி அறை பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து, இரவு பன்னிரண்டு வரை கக்கும். கீழ்மாடி அல்லது ஓட்டுக்கூரை அறை கேளுங்கள்.

பதிவதற்கு முன் வேறென்ன கேட்கவேண்டும்?

தண்ணீர். கடலோர மணலில் கிணற்று நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கோடையில் மோட்டார் போட்டு இழுக்க இழுக்க உப்பு மேலே ஏறும். குளித்தால் சவர்க்காரம் நுரைக்காது, தலைமுடி ஒட்டும். "குளிக்கிறது குழாய்த் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா?" என்று கேளுங்கள். குடிக்கப் போத்தல் தண்ணீர்.

அடுத்தது அடையாள ஆவணம். உள்ளூர்க்காரர் தேசிய அடையாள அட்டை, வெளிநாட்டவர் கடவுச்சீட்டு காட்டவேண்டும். சோடியாக வருகிறவர்களிடம் திருமணப் பதிவு கேட்கிற விடுதிகளும் உண்டு, அறை இல்லை என்று வாசலில் சொல்லக்கூடும். முன்னமே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களோடு வந்தால் இருந்து போகிற கழிப்பறையா, படிக்கட்டு எத்தனை என்பதும். மின்வெட்டில் ஜெனரேற்றர் ஃபேனுக்கு மட்டுமா ஏ.சி.க்குமா என்பதும்.

கொழும்பு இரவு ரயில் விடியப்புறம் விட்டுவிடுமே. அறை அந்நேரம் கிடைக்குமா?

பெரும்பாலும் அறை மத்தியானத்துக்குப் பிறகுதான். ஆனால் சிறிய விடுதிகள் முன்னமே சொன்னால் பொதிகளை வைத்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடிக்க விடுவார்கள். அறை வேண்டுமென்றால் முந்திய இரவுக்கும் சேர்த்துப் பேசுங்கள், அரைவாசி விலைக்கு ஒத்துக்கொள்வார்கள் என்று கேட்டுப் பார்ப்பதில் பிழையில்லை. ரயில் நேரம் அவ்வப்போது மாறும். அதனால் விடுதிக்காரரிடம் ரயிலின் பெயரைச் சொல்லுங்கள், நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள்.

கொக்கட்டிச்சோலைக்குப் போக எங்கே தங்கவேண்டும்?

கல்லடியிலோ காத்தான்குடியிலோ. தான்தோன்றீஸ்வரர் கோயில் படுவான்கரையில் இருக்கிறது. முன்பு மண்முனையில் பாதை வள்ளத்தை நம்பியிருந்த வழி, 2014இல் பாலம் திறந்தபின் சுருங்கிவிட்டது. ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்தால் ஏறினால் நேரே போகலாம். கோட்டைமுனையிலிருந்து வெளிக்கிட்டால் நகர நெரிசலைக் கடக்கும் நேரம் கூடுதலாகச் செலவாகும். கோயிலின் நடை சாத்தும் நேரத்தை விசாரித்துக்கொண்டு, காலையிலேயே போய்விடுங்கள்.

சைக்கிளில் சுற்றலாமா?

நன்றாகச் சுற்றலாம், நிலம் சமதரை. காலை ஒன்பதுக்கு முன்னும் பின்னேரம் நாலரைக்குப் பின்னும். முகத்துவாரம் போய், 1913இல் கட்டிய வெளிச்சவீட்டைப் பார்த்துத் திரும்ப நகரத்திலிருந்து போகவர ஏறத்தாழ பத்து கிலோமீற்றர். பிறேக்கையும் பின்விளக்கையும் வாடகைக்கு எடுக்கும்போதே பாருங்கள். ஏ4 வீதியில் பஸ்கள் ஒட்டி உரசிக்கொண்டு போகும்.

அடுத்த நாள் அறுகம்பை போகிறோம். அதற்காகத் தெற்கே தள்ளித் தங்கலாமா?

தேவையில்லை. கல்முனை, அக்கரைப்பற்று, அறுகம்பைக்குப் பக்கத்து ஊரான பொத்துவில் பஸ்கள் எல்லாம் கல்லடி வழியாகத்தான் போகும், வாசலில் கைகாட்டி ஏறலாம். ஆனால் பொதிகளோடு சீற் வேண்டுமென்றால் பஸ் நிலையத்துக்கே போய் ஏறுங்கள். கல்லடியில் வரும்போது பஸ் நிறைந்துவிட்டிருக்கும், பொத்துவில்வரை நின்றுகொண்டு போகிற தூரமல்ல.